மலைக் குடியிருப்பின் முதல் கதவு: டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு என்ன அங்கீகாரம்?

ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நீலகிரி மக்கள் வெகுகாலம் காத்திருந்த வசதி. ஆனால் கூடலூரிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. கூடலூரிலேயே அரசு மருத்துவமனை உண்டு என்றாலும், காட்டோரத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் முதலில் தட்டப்படுவது பக்கத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளரின் கதவுதான். அவர் டாக்டர் இல்லை. அப்படியானால் சட்டப்படி அவர் யார்?

பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கிராம சுகாதார செவிலியர் அரசு ஊழியர். பதிவும் சம்பளமும் உண்டு. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே உள்ள ஆஷா பணியாளருக்கோ மாதச் சம்பளம் கிடையாது. பார்த்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகைதான். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. இங்கே ஏட்டில் அவர்கள் இன்னமும் தன்னார்வலர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் பெண்களுக்கும் அதே பெயர்தான்.

இப்படிப்பட்டவர்களால் என்ன முடியும் என்பதைக் கூடலூர் காட்டியிருக்கிறது. 1987இல் டாக்டர் தம்பதி தேவதாசனும் ரூபாவும் ஆதிவாசி இளைஞர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பணி அஷ்வினி அமைப்பாக வளர்ந்து, 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை உருவானது. டாக்டர்கள் ஷைலா, நந்தகுமார் மேனன் தம்பதி அங்கே ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்தார்கள். வார்டில் தன் மொழியிலேயே பேசும் நர்ஸ் இருந்ததால், ஆஸ்பத்திரி என்றாலே மிரண்டவர்களும் பிரசவத்துக்கு வந்து படுத்தார்கள்.

இங்குள்ள பழங்குடிகளிடையே காணப்படும் சிக்கிள் செல் சோகையையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் ஏறினாலும் உடம்பில் நீர் குறைந்தாலும் எலும்பைப் பிடுங்கும் வலி வரும். ஹைட்ராக்சியூரியா மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்துவிடலாம். பனிக்காலத்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்ப்பதும், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று இமையை விலக்கிப் பார்ப்பதும், வலி தாங்காத பிள்ளையை உடனே வண்டியேற்றுவதும் அந்த ஊர்ப் பணியாளர்தான்.

ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே தொழில் கற்றவரை நர்சிங் கவுன்சில் பதிவு செய்யாது. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிச் சான்று கேட்கும். 2021இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் உள்ளிட்ட பல தொழில்களுக்கு முதன்முறையாகத் தேசிய அளவில் பதிவேடு கொடுத்தது. நல்ல சட்டம். ஆனால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை அது கேட்கிறது. பல ஆண்டு அனுபவமுள்ள ஆஷாவுக்கு அதில் வாசல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில், 32ஆவது பிரிவு 'சமூக சுகாதார வழங்குநர்' என வரையறுக்கப்பட்ட உரிமத்துக்கு இடம் தருகிறது. போலி மருத்துவத்துக்குக் கதவு திறக்கும் என்று இந்திய மருத்துவ சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது.

அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஏழைக்கு அரைகுறை வைத்தியம், பணக்காரருக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று ஆகிவிடக் கூடாது. அதற்காகவே எல்லையை எழுதி வைக்க வேண்டும்: எந்த மருந்தைத் தரலாம், எந்த நிலையில் டாக்டரிடம் அனுப்பியே ஆக வேண்டும், தவறு நடந்தால் யார் பொறுப்பு. எதையும் எழுதாமல் வேலையை மட்டும் வாங்கிக்கொள்வது நோயாளிக்கும் பாதுகாப்பில்லை, பணியாளருக்கும் இல்லை.

தமிழ்நாடு அரசு இதை நீலகிரியிலிருந்தே தொடங்கலாம். ஆஷாக்களுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். நர்சிங் படிப்பில் பழங்குடிச் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, அவர்களுடைய பணி அனுபவத்தையும் தகுதியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.