இருட்டில் ரயில் ஏறுகிறவர்கள் சோம்பேறிகளா?

"ஏழையாக இருப்பதற்கு அவனவன் குணம்தான் காரணம். உழைத்தால் ஏன் கஷ்டம் வருகிறது?" பெங்களூர் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

இப்படிப் பேசுகிறவர்கள் ஒரு நாள் காலையில் கே.ஆர்.புரம் ரயில் நிலையத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மாரிக்குப்பத்தில் இருந்து வரும் ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. கட்டிட வேலை, காவல் வேலை, கடை வேலை, கம்பெனி வேலை என்று சாப்பாட்டுப் பாத்திரத்துடன் வரும் தங்கவயல் தமிழர்கள் அதில் ஏராளம். வீட்டை விட்டுப் புறப்படுவது இருட்டில், திரும்புவதும் இருட்டில். சிட்டி நிலையம் வரை வருகிறவருக்குப் போக வர 160 கிலோ மீட்டருக்கு மேல்.

ஒரே நாளில் நின்ற சம்பளம்

இவர்களில் பலருடைய பாட்டன்மார் வடஆற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சுரங்கம் தோண்டப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் வெளியே வந்தது. சிவசமுத்திரம் மின்சாரம் 1902-ல் முதலில் போனது தங்கவயலுக்கு. பெங்களூருக்கு வந்தது 1905-ல்தான்.

தங்கம் குறைந்தது; எடுக்கும் செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

குடித்தவருக்கும் வேலை போயிற்று, குடிக்காதவருக்கும் போயிற்று. சீட்டுக் கட்டிச் சேமித்தவருக்கும், வட்டிக்கு வாங்கிச் செலவழித்தவருக்கும் ஒரே நாளில்தான் சம்பளம் நின்றது. இதில் யாருடைய குணத்தைக் குறை சொல்வது?

பொறுப்பே இல்லையா?

உண்டு. சம்பள நாளில் மதுக்கடைக்குப் போன பணம் வீட்டுக்கு வராது. கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டது. ஆனால் பிராந்தி கடைகள் இருக்கின்றன. குடிக்கும் கந்து வட்டிக்கும் போகிற பணம் மிஞ்சினால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும். இதை எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் சிக்கனம், வந்த சம்பளத்தைத்தான் காப்பாற்றும். வராத சம்பளத்தைக் கொண்டு வராது.

வேலை இருக்கும் ஊரில் வாடகை கட்ட முடியவில்லை. வீடு இருக்கும் ஊரில் போதிய வேலை இல்லை. தங்கவயலிலேயே தொழில்கள் பெருகினால், ரயிலில் கழியும் நேரம் குடும்பத்துக்கு மிஞ்சும்.

அதுவரை நாளைக் காலையும் அவர்கள் இருட்டில் எழுந்துதான் ரயில் ஏறுவார்கள்.