டாங்கோ என்னும் ஆடற்கலை

அரசவையிலும் கோயிலிலும் போற்றப்பெற்று வளர்ந்த கலைகள் பல. அங்ஙனமின்றி, எளியோர் குடியிருப்பில் பிறந்து, செல்வரால் இகழப்பட்டு, பின்னர் உலகம் வியக்க ஓங்கிய கலைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று டாங்கோ என்னும் ஆடல்.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, உருகுவே என்னும் இரு நாடுகளுக்கும் இடையே லா பிளாட்டா என்னும் பேராறு கடலொடு கலக்கின்றது. அதன் தென்கரையில் புவனஸ் அயர்ஸ் நகரமும், வடகரையில் மாண்டிவிடியோ நகரமும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளில் வறுமையால் வாடிய மக்கள், பிழைப்பு நாடி இந்நகரங்களுக்குக் கப்பலேறி வந்தனர். 1869-ஆம் ஆண்டில் புவனஸ் அயர்ஸில் வாழ்ந்தோர் 2 இலட்சத்திற்கும் குறைவே. 1914-ஆம் ஆண்டிலோ அத்தொகை 15 இலட்சத்தைக் கடந்தது. அவருள் ஏறத்தாழப் பாதியர் பிற நாடுகளில் பிறந்தவர்.

வந்தவருள் பலர், ஒரு முற்றத்தைச் சூழப் பல சிற்றறைகள் அமைந்த வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்கவில்லை. ஆயினும், இசை யாவர்க்கும் விளங்கிற்று. அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் அந்நகரங்களில் முன்னரே வாழ்ந்தனர். டாங்கோ என்னும் சொல்லே முதலில் அவர்தம் ஆடற்கூட்டங்களைக் குறித்து வழங்கியது. அவர்தம் முழவொலியும், கியூபாவினின்று வந்த ஆபனேராத் தாளமும், சமவெளியில் ஆநிரை மேய்ப்போர் பாடிய மிலோங்காப் பாட்டும் ஒன்று கலந்தன. அக்கலப்பில் பிறந்ததே டாங்கோ. ஜெர்மனியில் தோன்றிய பாண்டோனியன் என்னும் துருத்தி இசைக்கருவி, அதற்கு ஏக்கம் தோய்ந்த குரலைத் தந்தது.

துறைமுகப் புறஞ்சேரிகளிலும் மதுச்சாலைகளிலும் ஆடப்பட்டமையால், செல்வர் இதனை இழிந்த ஆடலென்று ஒதுக்கினர். ஆனால், 1913-ஆம் ஆண்டளவில் பாரிஸ் மாநகரம் டாங்கோவில் மயங்கிற்று. லண்டனும் நியூயார்க்கும் அவ்வழிச் சென்றன. அயலார் புகழ்ந்த பின்னரே, சொந்த நாட்டுச் செல்வர் தம் மாளிகைக் கதவுகளை இவ்வாடலுக்குத் திறந்தனர். தம் வாயிலில் எரிந்த விளக்கின் ஒளியை அயலூரார் சொல்லக் கேட்டு அறிந்தாரைப் போன்றவர் அவர்!

1917-ஆம் ஆண்டில் கார்லோஸ் கார்டெல் என்னும் பாடகர், 'என் துயர இரவு' என்று பொருள்படும் பாடலை இசைத்தட்டில் பதிவு செய்தார். அதுமுதல் டாங்கோ, கால்களோடு நெஞ்சையும் அசைக்கும் பாட்டாயிற்று. பிரிந்த ஊரும் இழந்த காதலும் அதன் பாடுபொருளாயின. 1935-ஆம் ஆண்டில் கார்டெல் விமான விபத்தில் இறந்தபோது, மக்கள் ஆற்றொணாத் துயருற்றனர்.

டாங்கோ ஆடுவோர் கூடும் அரங்கினையும் மிலோங்கா என்றே வழங்குவர். அங்குச் சில நெறிகள் உண்டு. ஆட விரும்புவோர் வாயால் அழையார். தொலைவிலிருந்து கண்ணால் நோக்கித் தலையசைப்பர். உடன்படுவோர் தாமும் தலையசைப்பர்; உடன்படாதோர் பார்வையை வேறிடம் திருப்புவர். இதனால் மறுத்தவர்க்கும் மறுக்கப்பட்டவர்க்கும் நாணம் நேராது. இணைகள் யாவும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாய்ச் செல்லும். முன் செல்வாரை முந்துதல் முறையன்று. அடிகள் பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பெறுவன அல்ல. இசைக்கேற்ப அவ்வப்போது தோன்றுவன. ஒருவர் குறிப்பை மற்றவர் உணர்ந்து அடியெடுத்து வைப்பதே இவ்வாடலின் உயிர் எனலாம். மொழியறியா மக்களிடையே வளர்ந்த கலைக்குச் சொல்லின்றி உணர்தல் இயல்பேயன்றோ!

2009-ஆம் ஆண்டில், அர்ஜென்டினாவும் உருகுவேயும் இணைந்து வேண்ட, ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் டாங்கோவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அடிமையின் வழிவந்தோரும், அகதி போல் வந்தோரும் ஈட்டிய செல்வம் அது. ஆதலின், பிறந்த இடத்தின் எளிமை கருதி ஒரு கலையை இகழ்தல் அறிவுடைமை ஆகாது.