மார்பகத்தை மீண்டும் அமைத்தல்: உரிய காலம் எது?

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். நோயுற்ற மார்பகத்தை முழுதும் அகற்றிவிட வேண்டும் என்று டாக்டர்கள் தீர்மானிக்கும்போது, நோயாளியின் முன் மற்றொரு வினாவும் எழுகிறது. இழக்கும் உறுப்பை மீண்டும் அமைத்துக்கொள்வதாயின், அதை அன்றே செய்துகொள்வதா? அன்றிச் சிகிச்சைகள் யாவும் முடிந்த பின்னரா? உயிரைப் பற்றிய அச்சம் மேலோங்கி நிற்கும் சில நாட்களுக்குள் இதற்கு விடை காண்பது எளிதன்று.

அமெரிக்க நிபுணர் ஹால்ஸ்டெட் 1882-ல் தொடங்கிய அறுவை முறையில், மார்பகத்துடன் மார்புத் தசைகளும் அக்குளின் நிணநீர்ச் சுரப்பிகளும் அகற்றப்பட்டன. உறுப்பை மீண்டும் அமைத்தால், திரும்பவும் தோன்றும் நோய் அதனடியில் மறைந்துவிடும் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. எனினும், 1906-ல் இத்தாலிய நிபுணர் தன்சினி முதுகுத் தசையையும் தோலையும் கொண்டு மார்பின் குறையை மூடும் முறையை விவரித்தார். 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கிரோனின், ஜெரோ என்னும் இருவர் சிலிக்கோன் பையை முதன்முதலில் பொருத்தினர். மறு அமைப்பினால் நோய் திரும்புவது மிகுவதில்லை என்பது பிற்கால அனுபவத்தால் தெளிவாயிற்று.

உடனடி அமைப்பின் நன்மைகள் வெளிப்படை. மார்பகத்தின் இயற்கையான தோலைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். வடிவமும் செம்மையாக அமையும். மயக்கம் தெளிந்து எழும் பெண் வெறுமையான மார்பைக் காண நேர்வதில்லை. ஆயினும், அறுவை நீண்ட நேரம் பிடிக்கும். புண்ணில் சீழ் பிடித்தாலோ, ஆறத் தாமதமானாலோ, அடுத்து அளிக்க வேண்டிய மருந்துச் சிகிச்சை தள்ளிப்போகக்கூடும்.

முடிவை நிர்ணயிப்பதில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெரும் பங்குண்டு. கதிர்வீச்சுக்கு உட்பட்ட மார்பில், சிலிக்கோன் பையைச் சூழ்ந்து வளரும் திசு இறுகி, வலியையும் வடிவக்கேட்டையும் விளைவிப்பது மிகுதி. உடலின் சொந்தத் திசுவும் சுருங்கிக் கெட்டியாகலாம். ஆகவே, கதிர்வீச்சு உறுதி எனில், அது முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்து, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ இரத்த ஓட்டமுள்ள திசுவைக் கொணர்ந்து அமைப்பதைப் பல நிபுணர்கள் விரும்புகின்றனர். ஆனால், அகற்றிய சுரப்பிகளை நுண்ணோக்கியில் சோதித்த பின்னரே கதிர்வீச்சின் தேவை புலப்படுவதும் உண்டு. இத்தகையோர்க்கு இடைவழி ஒன்றுள்ளது. அறுவையின்போது தோலின் கீழ் விரியக்கூடிய பை ஒன்றை வைத்து, பின்னர் ஊசிமூலம் உப்புநீரைச் செலுத்தி விரித்து, இறுதி முடிவை ஒத்திவைக்கலாம்.

புகைபிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு, மிகுந்த உடற்பருமன் ஆகியவை புண் ஆறுவதைக் கெடுப்பன. இவற்றைச் சீர்செய்யும் பொருட்டுக் காத்திருப்பதும் அறிவுடைமையே.

இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நோயை நீக்கும் சிகிச்சையில் தாமதம் கூடாது. மறு அமைப்போ பல ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ளத் தக்கது. வேண்டாமென்று விடுவதும், ஆடைக்குள் செயற்கை உறுப்பை அணிவதும் குறைவான முடிவுகள் அல்ல. எனவே, அறுவைக்கு முன்பே, கதிர்வீச்சு தேவைப்படுமா என்றும், மொத்தம் எத்தனை அறுவைகள் ஆகும் என்றும், சிகிச்சை தடைப்படுமா என்றும் நோயாளி தம் டாக்டர்களைத் தயக்கமின்றிக் கேட்டல் வேண்டும். குடும்பத்தார் துணை நிற்கலாம். முடிவு அப்பெண்ணுடையதாகவே இருத்தல் வேண்டும்.