பிரேரணை நிறைவேறியது, வேலை எப்போது நடக்கும்?

உள்ளூராட்சி மன்றத்தின் உறுப்பினர் ஒருவர் எழுத்தில் முன்வைத்து, இன்னொருவர் வழிமொழிந்து, சபை விவாதிக்கும் யோசனைக்குப் பெயர் பிரேரணை. சபை அதை ஏற்றுக்கொண்டால் அது தீர்மானம் ஆகிறது. அடுத்த நாள் பத்திரிகையில் ‘பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது’ என்று செய்தி வரும். படிக்கிறவர் வேலை நடக்கப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறார். சட்டத்தின் கண்ணில் அங்கே நடந்தது சபை தன் விருப்பத்தைப் பதிவுசெய்தது மட்டும்தான். அந்த விருப்பம் சபையின் அதிகாரத்துக்குள் வருகிறதா, அதற்குப் பாதீட்டில் பணம் இருக்கிறதா, யார் எந்த நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே மிச்சம் நடக்கும்.

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் மாநகர சபைகள். இவை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, பொத்துவில் போன்றவை பிரதேச சபைகள். இவற்றுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். இரு வகைக்கும் அன்றாடப் பொறுப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான்: உள்வீதி, வடிகான், தெருவிளக்கு, குப்பை, சந்தை, மையவாடி, கட்டட அனுமதி. இந்தப் பட்டியலுக்குள் வரும் விடயத்தில் நிறைவேறும் தீர்மானம் சபையின் நிர்வாகத்துக்கு நேரடியான பணிப்பு.

பட்டியலுக்கு வெளியே போனால் கதை வேறு. கல்முனை ஊடாகச் செல்லும் ஏ4 பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. கடலரிப்பு, கரையோரம் பேணல் திணைக்களத்தின் விடயம். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு வைத்தியர் போதாது என்றால் அது சுகாதார அமைச்சுக்குப் போக வேண்டும். இவற்றில் சபை எடுக்கும் தீர்மானம், உரிய நிறுவனத்துக்கு அனுப்பப்படும் ஒரு கோரிக்கைக் கடிதத்துக்குச் சமம். அது வீணானது அல்ல, ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாது. வெளிநாட்டுப் போரைக் கண்டிப்பது, மறைந்த தலைவருக்கு அனுதாபம் தெரிவிப்பது போன்றவை மூன்றாவது வகை. ஏகமனதாக நிறைவேறுவதில் இவற்றை மிஞ்ச முடியாது. ஒரு சதமும் செலவில்லை.

கட்டாக்காலி மாடுகள் விடயத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கரையோர ஊர்களில் இரவு இறங்கியதும் மாடுகள் பகல் வெயிலில் சூடேறிய தார்வீதியில் வந்து படுத்துக்கொள்ளும். விளக்கில்லாத வளைவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கறுத்த மாடு முன்சில்லில் முட்டும்வரை தெரியாது. விபத்துக்குப் பிறகு சபையில் பிரேரணை வரும்: ‘கட்டாக்காலி மாடுகளைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ எல்லாரும் கை உயர்த்துவார்கள். மாடு அங்கேயேதான் படுத்திருக்கும். மாட்டைப் பிடிக்க ஆள் வேண்டும், ஏற்ற வாகனம் வேண்டும், அடைக்கப் பட்டி வேண்டும், தீனியும் தண்ணீரும் வேண்டும். உரிமையாளர் வந்தால் அறவிடும் தண்டப்பணம் எவ்வளவு, வராவிட்டால் எத்தனை நாளில் ஏலம் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். மாடு ஏ4 வீதியில் படுத்தாலும் அதைப் பிடிப்பது சபையின் வேலைதான். பொலிசாரின் துணை தேவைப்படலாம். ஆக, பட்டிக்கு இடம், செலவுத் தலைப்பு, தண்டத் தொகை, பொறுப்பான உத்தியோகத்தர், தொடங்கும் திகதி ஆகிய ஐந்தும் எழுதப்பட்ட பிரேரணையே பிரேரணை. தன் வட்டார உறுப்பினரிடம் வாக்காளர் கேட்டு வாங்க வேண்டிய பத்திரம் அது.

பல கைகளில் பிரிந்து கிடக்கும் பொறுப்பு இன்னொரு சிக்கல். கல்முனை மாநகர எல்லைக்குள் இருக்கும் சாய்ந்தமருது தோணா, வயல்வெளித் தண்ணீரையும் ஊர்த் தண்ணீரையும் கடலுக்குக் கொண்டுபோகும் வழி. கடல் அதன் வாயை மணல்மேடிட்டு மூடிவிடும். வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது பெக்கோ இயந்திரம் கொண்டு வாயை வெட்டிவிட வேண்டும், தவறினால் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறும். உள்ளே குப்பை கொட்டுவதைத் தடுப்பது மாநகர சபை. கரையை வெட்டுவதில் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும், வயல் நீரில் நீர்ப்பாசனத் தரப்புக்கும், அனர்த்த நேரத்தில் பிரதேச செயலகத்துக்கும் பங்கு உண்டு. இப்படியான இடத்தில் ‘தோணா துப்புரவாக்கப்பட வேண்டும்’ என்ற ஒற்றை வரித் தீர்மானம் நான்கு அலுவலகங்களுக்கும் சாட்டுச் சொல்ல வசதி செய்துகொடுக்கும்.

குப்பையின் பயணம் ஊர் எல்லையில் முடிவதுமில்லை. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உணவுக் கழிவைத் தின்பதும், எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததும் 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. வாசலில் மக்கும் கழிவையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் கட்டி வைக்கும் வீட்டுக்காரருக்கும் அதில் பங்கிருக்கிறது.

தீர்மானத்தால் மட்டும் சட்டம் ஆகாதது உபவிதி. குப்பை கொட்டுவோருக்குத் தண்டம், சந்தைக் கட்டுப்பாடு போன்றவற்றுக்கு உபவிதி இயற்றினால் அது உரிய அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அதற்கு முன் அந்த உபவிதியின் பெயரில் பணம் அறவிட்டால், எந்த வர்த்தமானி என்று கேட்கும் உரிமை பணம் கட்டுகிறவருக்கு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் கட்டவும் கூடாது. சோலைவரி மதிப்பீடு உயர்ந்தால் அறிவித்தல் வரும். ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்க வேண்டிய காலம் அந்த அறிவித்தலிலேயே இருக்கும். அதைத் தவறவிட்டு அடுத்த ஆண்டு வாதாடிப் பயனில்லை. ஆண்டு முழுவதுக்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும். கட்டாமல் விட்டால் அசையும் பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் சபைக்கு இருக்கிறது.

இத்தனையும் சபை இருந்தால்தான். 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. ஒருவழியாக 2025 மே 6இல் 339 மன்றங்களுக்கு வாக்களிப்பு நடந்தபோதும், வழக்கு நிலுவையில் இருந்ததால் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. அயல் ஊர்கள் வாக்களித்த அன்று கல்முனைக்குடியும் மருதமுனையும் நற்பிட்டிமுனையும் பாண்டிருப்பும் வேடிக்கை பார்த்தன.

கல்முனையில் தேர்தல் நடக்காததன் வேர் அதன் எல்லைப் பிணக்கில் இருக்கிறது. கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளும் 1987இல் ஒன்றாக்கப்பட்டன. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை கொடுக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரி 14இல் வந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். தெரிவான சபை இல்லாத காலத்தில் அதன் அதிகாரங்கள் ஆணையாளர் கையில் இருக்கும். பிரேரணை கொண்டுவர யாரும் இல்லை, வரவு செலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்கவும் யாரும் இல்லை. தமிழ்நாட்டின் நகர்ப்புற மன்றங்களும் 2016 ஒக்டோபரிலிருந்து 2022 பெப்ரவரித் தேர்தல்வரை தனி அதிகாரிகளின் கீழ் கிடந்தன. இந்தியாவின் அரசியலமைப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலை வலியுறுத்தியும் அப்படி.

சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடிமகனிடம் மிஞ்சும் முதல் கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். உள்ளூராட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லவும் தேவையில்லை. ‘வடிகான் ஏன் கட்டவில்லை’ என்று கேட்டால் விளக்கக் கதை வரும். இன்ன திகதி அமர்வின் கூட்ட அறிக்கைப் பிரதி, இன்ன வேலைக்கான மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவுச் சீட்டு என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் கதைக்கு இடமிருக்காது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கிடைத்ததற்கான சான்றை முதல் நாளே வாங்கி வைக்காதவருக்கு இந்த நாட்கணக்கு எதுவும் உதவாது.

தேங்கிய வடிகானோ குப்பைமேடோ நோய்க்கு இடம் கொடுத்தால் அது பொதுத் தொல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் அதை அகற்ற நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் திகதியுள்ள படங்களும் முறைப்பாட்டுக்குப் பலம். சட்டம் விதித்த கடமையைச் சபை செய்ய மறுத்தால் அதைச் செய்விக்கும் எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றத்தில் கேட்கலாம். பாரபட்சம் நடந்தால் இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம், ஆனால் ஒரு மாதத்துக்குள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அனுமதிப் பத்திரத்துக்குக் கையூட்டுக் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

நட்டஈட்டு வழக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மூடியில்லாத வடிகானில் விழுந்து கால் முறிந்தவர் நேரே நீதிமன்றம் போக முடியாது. மாநகர சபைக்கு முதலில் ஒரு மாத எழுத்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடரும் கால எல்லையும் மாதக்கணக்கில்தான். கால் குணமாகட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் அந்தக் காலம் போய்விடும். ஆகவே வைத்தியசாலையில் இருக்கும்போதே வீட்டார் சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ அணுகுவது நல்லது.