விளக்கும் குடமும்
1982 ஆம் ஆண்டு வாக்கெடுப்பும் மலையகத் தொழிலாளரும்

சென்ற தவணையில் ஒரு நாள் எமது வகுப்பில் ஆட்சிமுறை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சர்வஜன வாக்கெடுப்பு என்னும் சொல் வந்ததும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் நாட்டில் அப்படி ஒன்று எப்போதாவது நடந்ததுண்டா?" என்று வினவினான். "ஒரே ஒரு முறை நடந்தது, 1982 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் திகதி" என்றோம். வகுப்பில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அப்போது நாமே தொட்டிற் பருவத்தினர். ஆயினும் அந்த ஒரு நாளின் கதை, வாக்குச் சீட்டைக் கையிலேந்தும் எவரும் அறிந்திருக்க வேண்டிய கதை. கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் வாழ்விடமாகக் கொண்ட நாம் அதை மறத்தல் தகாது.

கேட்கப்பட்ட கேள்வி

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140 ஐக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது, ஜே. ஆர். ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியாக ஆட்சி செலுத்தினார். 1982 அக்டோபரில் நிகழ்ந்த ஜனாதிபதித் தேர்தலில் அவர் பெற்றவை நூற்றுக்கு 53 க்குச் சற்றுக் குறைந்த வாக்குகள். வெற்றி வெற்றியே. ஆனால் புதிய விகிதாசார முறைப்படி பொதுத் தேர்தல் நடந்திருப்பின், ஆறில் ஐந்து பங்கு ஆசனங்கள் என்னும் அந்தப் பெரும் பலம் கரைந்துபோயிருக்கும் என்பதைக் கணக்கறிந்த எவரும் உணர்வர்.

ஆகவே தேர்தலுக்குப் பதிலாக ஒரு கேள்வி மக்கள் முன் வைக்கப்பட்டது. இருக்கும் பாராளுமன்றமே 1983 ஆகஸ்டு முதல் மேலும் ஆறாண்டுகள் தொடரலாமா? ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம். இல்லை என்போருக்குக் குடம். அபிவிருத்தி தடையின்றி நடைபெற வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா அணை அப்போது எழும்பிக்கொண்டிருந்த காலமாதலால், அவ்வாதம் கேட்போர் செவியில் ஏறாமலும் போகவில்லை.

முடிவில் விளக்குக்கு 31 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும், குடத்துக்கு 26 இலட்சம் வரையிலான வாக்குகளும் விழுந்தன. நூற்றுக்கு 54.66 பேர் ஆம் என்றனர். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக மறுத்தது. கண்டியும் நுவரெலியாவும் விளக்கின் பக்கமே நின்றன. அவசரகாலச் சட்டத்தின் நிழலில் நடந்த அவ்வாக்கெடுப்பில் நேர்ந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் 1987 இல் வெளியான தம் அறிக்கையில் எடுத்துரைத்தார்.

அடங்கியிருந்த குமுறல்

அக்காலத்தில் உழைக்கும் மக்களின் மனநிலை எத்தகையது? 1979 இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்துக்கொண்டது. விலைவாசி ஏறியது. 1980 ஜூலையில், மாதச் சம்பளத்தில் 300 ரூபா உயர்வு கேட்டு அரசாங்க ஊழியர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாக ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். புகையிரதப் பகுதியினரும் எழுதுவினைஞரும் அதில் அடக்கம். அதே ஆண்டு அக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. வீதியில் குரலெழுப்பினால் வேலை போகும். எதிர்த்து நிற்கும் தலைமைக்கோ கைவிலங்கு. எஞ்சியிருந்த ஒரே வழி அடுத்த பொதுத் தேர்தல். அந்த வழியைத்தான் விளக்குச் சின்னம் அடைத்துவிட்டது.

1977 தேர்தல் முடிந்த சில நாட்களில் 18 வயதை எட்டிய ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவன் தன் பாராளுமன்றத்தைத் தெரிவுசெய்யும் முதல் வாய்ப்பு 1989 பெப்ரவரியிலேதான் வந்தது. அப்போது அவனுக்கு வயது 29!

காலஹாவில் கேட்டது

அண்மையில் ஒரு ஞாயிறன்று காலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே, அறுபத்தைந்தைத் தாண்டிய ஓர் அம்மையார் லயத்து வாசலில் அமர்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த கைகள். "அம்மா, விளக்கு, குடம் என்று ஓட்டுப் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டோம்.

"இல்லாமலா ஐயா? அதுதான் நான் போட்ட ரெண்டாவது ஓட்டு. தலைவர் வந்து விளக்குக்குப் போடச் சொன்னாரு, போட்டோம். எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டு இல்ல. அவருக்குப் பிரசாவுரிமை கிடைக்கல" என்றார். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "கூலியைப் பத்தி அந்தச் சீட்டில ஒண்ணுமே இல்லீங்களே ஐயா" என்றும் சொன்னார்.

அந்த அம்மையாரின் இரண்டு வாக்கியங்களில் மலையகத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. 1947 இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அதற்கடுத்த இரண்டாண்டுகளில் வந்த சட்டங்களால் பிரசாவுரிமையையும் வாக்கையும் இழந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1982 இலும் இலட்சக்கணக்கானோர் வாக்கற்றோராகவே இருந்தனர். வாக்குள்ளோரை விளக்கின் பக்கம் அழைத்தது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். அதன் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இருந்தார். உள்ளிருந்து பேசினால் உரிமை கிட்டும் என்பது அவர் கொண்ட வழி. அவ்வழியில் பயன் விளையவில்லை என்று கூறுதல் நியாயமாகாது. ஆயினும் அப்பயன் எப்படி விளைந்தது என்பதையும் நாம் நோக்க வேண்டும்.

வாக்குக்குப் பின்

வாக்கெடுப்பு முடிந்து ஏழு மாதங்களில், 1983 ஜூலையில், நாடு தீப்பற்றியது. கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன; தோட்ட மக்களும் தாக்குண்டனர். விளக்குக்கு வாக்களித்தவர், குடத்துக்கு வாக்களித்தவர் என்று தீ பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்து வந்த ஆறாவது திருத்தத்தினால் தமிழர் விடுதலைக் கூட்டணியினரும் தம் ஆசனங்களை இழக்க, நீட்டிக்கப்பட்ட பாராளுமன்றத்தில் எதிர்ப்புக் குரல் மேலும் மெலிந்தது.

பேச மன்றம் இல்லாதபோது குறை தீர்ந்துவிடுமா? 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அமைச்சர் ஒருவரின் சங்கமே ஏனைய சங்கங்களோடு சேர்ந்து, அவர் அங்கம் வகித்த அரசாங்கத்தின் தோட்டங்களில் வேலையை நிறுத்தியது! அதுவரை ஒரே மலையில் ஒரே நாள் உழைத்தும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி. அப்போராட்டத்தின் பின்னரே இருபாலார்க்கும் சம கூலி கிட்டியது. 1986 இல் தைப்பொங்கலோடு தொடங்கிய பிரார்த்தனை இயக்கம் வேறொரு விதமானது. மக்கள் காலை வேளையில் பிரட்டுக்களத்துக்குச் செல்லாது இறைவனை வேண்டி அமர்ந்தனர். கல்லெறியும் இல்லை, கூச்சலும் இல்லை. அவ்வாண்டிலேயே நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது.

இவற்றை நோக்கும்போது, 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுப் போராட்டத்தின்போது பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனின் நினைவு எழாமற் போகாது. அந்நாளில் ஆண்டவர் அந்நியர். பின்னாளில் ஆண்டவர் நம்மவர். ஆனால் தோட்டத் தொழிலாளி தன் குறையைச் சொல்ல வேலையை நிறுத்த வேண்டியிருந்தது என்பது மட்டும் மாறவில்லை. 1,000 ரூபா நாட்கூலி என்னும் கோரிக்கையும் பல ஆண்டுகள் இழுபட்டு, 2021 இலேதான் நிறைவேறியது.

மற்றொரு நாட்டின் பாடம்

நமக்குப் பாராளுமன்ற முறையைத் தந்த பிரித்தானியாவில், 2016 ஜூன் 23 இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 51.9 பேர் விலகவே விரும்பினர். கப்பற்கட்டும் தொழிலும் நிலக்கரிச் சுரங்கமும் மறைந்த சண்டர்லாந்து போன்ற வடபுலத்து நகரில் அத்தொகை 61 ஐ எட்டியது. தலைநகரத்துப் பெரியோர் தம்மைக் கைவிட்டனர் என்னும் மனக்கசப்பு அவ்வாக்குகளில் கலந்திருந்தது. அவர்கள் செய்தது சரியா, தவறா என்பது வேறு விடயம். அவர்களுக்கு 2017 இலும் 2019 இலும் பொதுத் தேர்தல்கள் வாய்த்தன. தம் எண்ணத்தை மீண்டும் உரைக்க முடிந்தது. இங்கோ வாக்கெடுப்பே அடுத்த தேர்தலை விழுங்கிவிட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பெரும்பான்மையோர் விரும்பினால் ஒரு சட்டத்தை ஆக்கலாம், வேண்டாமெனில் மாற்றலாம். ஆனால் மாற்றும் வாய்ப்பையே விட்டுக்கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? விட்டுக்கொடுத்தது அவர்களுடைய வாக்கு மட்டுமன்று. மறுத்த 26 இலட்சம் பேரின் வாக்கும், அன்று வாக்கே இல்லாதிருந்தோரின் எதிர்காலமும், பள்ளியில் இருந்த பிள்ளைகளின் உரிமையும் அதனோடு சேர்ந்து போயின.

எமது மாணவர்க்கு நாம் கூறுவது இதுதான். நாளை உங்கள் கையிலும் ஆம், இல்லை என்னும் இரண்டே சொற்கள் கொண்ட ஒரு சீட்டு வரலாம். சின்னத்தைப் பார்க்குமுன் கேள்வியைப் படியுங்கள். உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றி அதில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அனைத்திலும் மேலாக, இந்தச் சீட்டைப் போட்டபின் அடுத்த சீட்டு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். காலஹாத் தோட்டத்து அம்மையார் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆனாலும் அந்தச் சீட்டில் இல்லாதது எது என்பதை அவர் கண்டுகொண்டார்.