பழைய லாரிக்கு எந்த ஆயில்?

பழைய லாரி நீலப் புகை தள்ளத் தொடங்கினால், நம் சகோதரர்கள் பலர் உடனே கெட்டி ஆயிலுக்கு மாறிவிடுகிறார்கள். முதலில் டப்பாவிலுள்ள எண்ணைப் புரிந்துகொள்வோம். 15டபிள்யூ-40 என்பதில் 15, குளிரில் ஆயில் ஓடும் தன்மை. 40, என்ஜின் சூடேறிய பிறகுள்ள கெட்டித்தன்மை. 20டபிள்யூ-50 இரண்டிலும் கெட்டி. தேய்ந்த என்ஜினில் அது ஆயில் குடிப்பதைக் குறைக்கலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அதிகமாவதே அந்த நேரத்தில்தான். ஆகவே நாம் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் கையேடு சொல்லும் கிரேடு. சிஐ-4 போன்ற டீசல் தரக் குறியீடும் டப்பாவில் இருக்க வேண்டும். (ஆயில் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம், கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை.)

விற்கும்போது மட்டும் கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை மறைப்பது வேறு விஷயம். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இதுவும் அதே மோசடிதான். ரிங் தேய்ந்திருந்தால் அதைச் சொல்லித்தான் விலை பேச வேண்டும். வாங்குபவரும் என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்க்கட்டும். அங்கே புகை குபுகுபுவென்று வந்தால், ரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம்.