மோதற்பொறியில் பிறக்கும் நியூட்ரினோக்கள்

நியூட்ரினோ என்பது மின்னேற்றமற்றதும், மிக அற்பமான நிறையே உடையதுமான ஒரு துகளாகும். பீட்டாச் சிதைவில் சக்திக் கணக்கு நேராகாததைக் கண்ட பௌலி, இத்தகைய துகள் ஒன்று இருத்தல் வேண்டுமென 1930-ல் ஊகித்தார். 1956-ல் ரெய்ன்ஸும் கோவனும் அணு உலையருகே அதனைக் கண்டறிந்தனர். காற்று மண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் தோற்றுவிக்கும் நியூட்ரினோக்களை 1965-ல் முதன்முதலாகக் கண்ட பெருமையில், கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்த ஆராய்ச்சிக்கும் பங்குண்டு.

புரோட்டான்களை மோதவிடும் பொறிகளிலும் நியூட்ரினோக்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. எனினும், அவை பொருள்களோடு மிக அரிதாகவே வினைபுரிவன. பெரும்பாலும் கற்றையின் திசையிலேயே செல்வன. கற்றைக் குழாய் செல்லும் அவ்விடத்தில் பெருங்கருவிகளை வைக்க இயலாது. ஆகவே அவை நெடுங்காலம் பிடிபடவில்லை.

ஜெனீவாவுக்கருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் பெரிய ஹாட்ரான் மோதற்பொறி அமைந்துள்ளது. அங்கு, மோதலிடம் ஒன்றிலிருந்து கற்றையின் நேர்கோட்டில் 480 மீட்டர் தொலைவில் ஃபேசர் என்னும் சிறிய கருவி நிறுவப்பட்டது. மின்னேற்றமுள்ள துகள்களுள் பெரும்பாலானவற்றைக் காந்தங்கள் விலக்கிவிடும். எஞ்சியவற்றுள் பலவற்றை ஏறத்தாழ 100 மீட்டர் பாறையும் கான்கிரீட்டும் தடுத்துவிடும். நியூட்ரினோக்களும், அவற்றோடு மியூவான்களுமே வந்து சேரும். இவற்றைப் பிரித்தறியும் முறை எளிது. மியூவான் நுழைந்தால் முன்புறத்து உணர்கருவி ஒளிரும். அது ஒளிராதிருக்கையில், டங்ஸ்டன் தகடுகளுக்குப் பின்னால் மியூவான் ஒன்று வெளிப்படுமாயின், நியூட்ரினோவே உள்ளே வினைபுரிந்தது என்பது தெளிவு. இவ்வாறு கண்ட சுமார் 150 நிகழ்ச்சிகளை விஞ்ஞானிகள் 2023-ல் அறிவித்தனர்.

இதன் பயன் யாது? மோதலில் சார்ம் என்னும் கனமான குவார்க்குகளும் தோன்றுகின்றன. அவற்றைக் கொண்ட துகள்கள் ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே நிலைத்துச் சிதைந்து, நியூட்ரினோக்களை வெளியிடுகின்றன. டவ் வகை நியூட்ரினோக்கள் பெரும்பாலும் இவ்வழியிலேயே பிறக்கின்றன. ஆகவே நியூட்ரினோக்களை வகைவாரியாக எண்ணினால், முன்திசையில் பிறந்த சார்ம் குவார்க்குகளின் அளவை மதிப்பிடலாம். நமது காற்று மண்டலத்திலும் இதே நிகழ்ச்சி நடைபெறுகிறது. தென்துருவப் பனியில் அமைந்த ஐஸ்கியூப் கருவியை அடைவது தொலைவான விண்ணிலிருந்து வந்த நியூட்ரினோவா, காற்றில் சார்ம் சிதைந்ததால் விளைந்ததா என்று பிரித்தறிய இவ்வளவு தெரிந்திருத்தல் அவசியம்.

காணவியலாத பொருளை எங்ஙனம் அறிவது என்று வினவும் மாணவர்க்கு, ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டலாம். புகுந்ததையும் வெளிவந்ததையும் பிழையின்றிக் கணக்கிட்டால், இடையில் மறைந்து வந்தது தானே வெளிப்படும்.